பொன்னம்மைக்கு நின்ற ஜாமீன்

இஞ்சிவிளை
4-12-2023

ஸ்மிதாவுக்கு,

நாங்கள் நலம். நீயும் செல்லசாமி மாமாவும் பாலராமபுரத்தில் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் பேசினால் நீ ரெக்கார்டு செய்கிறாயோ என்று எனக்கு ஒரு எண்ணம். நான் ஸ்பீக்கரில் போட்டு அம்மாவைக் கேட்கவைக்கிறேன் என்று உனக்கு ஒரு எண்ணம். ஆகவே தபாலில் எழுதுகிறேன்.

முற்றத்துப் பிலாமரம் இலை கொட்டுகிறது. நீ கோபித்துக்கொண்டு போன மூன்றாம் நாள் தொடங்கியது. காலையில் கஞ்சித்தண்ணி ஊற்றப்போன அம்மா அப்படியே மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள். அவளுக்கு அது வெறும் மரமில்லை என்று உனக்குத் தெரியும். நம் கல்யாணத்துக்கு மறுவாரம் கொட்டை நட்டு, பொன்னம்மை என்று பெயர் வைத்து, எட்டு வருடமாக மகள்போல வளர்க்கிறாள்.

"எனக்க பொன்னம்மைக்கு ஆரோ செம்பாணி அடிச்சிருக்கு மக்கா. இல்லேன்னா பெருங்காயம் வச்சிருக்கு. தன்னால இப்பிடி வாடாது" என்றாள். சொல்லிவிட்டு நம் அறைக் கதவைப் பார்த்தாள்.

டார்ச் அடித்து ஆள் உயரம்வரை தேடினேன். ஓர் ஆணி இருந்தது. போன மாதம் விருச்சிகம் ஒன்றாம் தேதி துடைப்பமும் பழஞ்செருப்பும் தொங்கவிட நானே அடித்த இரும்பாணி. மரத்தைக் கொல்லும் என்கிற செம்பாணி ஒன்றும் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், கோபப்படாதே. போகிற அன்று காலை மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றாயே, எதற்கு?

இன்னொன்று. அலமாரியில் இருந்த நீல ஃபைலைக் காணவில்லை. மேற்படி ஃபைல் உன்னிடம் இருந்தால் பத்திரமாக வைத்துக்கொள். யாரிடமும் காட்டவேண்டாம்.

இப்படிக்கு,
ஜெ.


பாலராமபுரம்
11-12-2023

அன்புள்ள அத்தானுக்கு,

கடிதம் கிடைத்தது. 'ஜெ.' என்று ஒற்றை எழுத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். நெய்யாற்றின்கரையில் பதினைந்து வருடம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்தால் பெண்டாட்டிக்கு எழுதும் கடிதத்திலும் 'மேற்படி' வரும்போலிருக்கிறது. படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்தபிறகுதான் என்ன கேட்டிருக்கிறீர்கள் என்று உறைத்தது.

மரத்தடியில் ஆட்டோவுக்காக நின்றேன். நம் முற்றத்தில் நிழல் அங்கே மட்டும்தான்.

விருச்சிகம் ஒன்றை நீங்கள் துடைப்பம், செருப்பு என்று ஒரு வரியில் தாண்டிவிட்டீர்கள். எனக்குத் தாண்ட முடியவில்லை. காய்க்காத மரத்தை வீட்டு ஆண் கோடாலியோடு வந்து மிரட்டவேண்டும், வீட்டுப் பெண் குறுக்கே நின்று ஜாமீன் சொல்லவேண்டும், காய்த்தால் முதல் சக்கைக்காய் ஜாமீன் நின்றவளுக்கு. இது உங்கள் குடும்ப வழக்கம் என்று மாமி சொன்னார்கள். எனக்கும் விளையாட்டாகத்தான் இருந்தது. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு உற்சாகமாக வந்து நின்றேன்.

நீங்கள் கோடாலியை ஓங்கி, "எட்டு வருஷம் தண்ணி குடிச்சாச்சு, ஒரு பிஞ்சு உண்டா? வெட்டட்டா?" என்று கத்தினீர்கள். "வெட்டப்பிடாது. வாற வருஷம் காய்க்கும். நான் ஜாமீன்" என்றேன். சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். உங்கள் அத்தை மகள் லேகா வாயைப் பொத்திக்கொண்டாள். மாமி துடைப்பத்தை ஆணியில் மாட்டிவிட்டு, "இனியெங்கிலும் நாணம் வரட்டு" என்றார்கள். அதைச் சொல்லும்போது அவர்கள் மரத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார்கள். நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் கோடாலியின் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த ஃபைல் என்னிடம்தான் இருக்கிறது. அதில் என்ன என்று எழுத உங்களுக்குக் கை வரவில்லை, நான் எழுதுகிறேன். நான்கு வருடம் முன்னால் நாம் இருவரும் திருவனந்தபுரம் போய் எடுத்த பரிசோதனையின் முடிவு. என்னிடம் குறையில்லை, உங்களால் குழந்தை தர இயலாது என்று சொல்கிற தாள். திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து அழுதீர்கள். "அம்மாட்ட நானே சொல்லுவேன், கொஞ்ச நாள் தா" என்றீர்கள். தந்தேன். கல்யாணச் சேலைக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு, மாமி கொண்டுவந்த கஷாயத்தையெல்லாம் மூக்கைப் பிடித்துக் குடித்தேன். எங்கள் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போதும் எனக்கு உங்கள்மேல் கோபத்தைவிட வருத்தம்தான். மாமியிடம் ஒரே ஒரு வாக்கியம் சொல்லுங்கள். 'குறை ஸ்மிதாவிடம் இல்லை' என்றால் போதும், உங்களைப் பற்றிக்கூடச் சொல்லவேண்டாம். சொன்ன அன்றைக்கே பஸ் ஏறுகிறேன்.

அன்புடன்,
ஸ்மிதா


இஞ்சிவிளை
27-12-2023

ஸ்மிதாவுக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். தேதி, இடம், யார் யார் கூட இருந்தார்கள், யார் என்ன சொன்னார்கள் என்று எல்லாம் வரிசையாக இருக்கிறது. நான் தினமும் பார்க்கிற மனுக்கள்கூட இத்தனை சுத்தமாக இருப்பதில்லை. யாராவது சொல்லிக்கொடுத்து எழுதினாயா?

சும்மா கேட்கவில்லை. இருபதாம் தேதி மத்தியானம் எங்கள் ஆபீஸ் பிரதீஷ் உன்னை நெய்யாற்றின்கரை கோர்ட் பக்கத்தில் பார்த்திருக்கிறான். கூடக் கண்ணாடி போட்ட ஓர் ஆள். கையில் பெரிய பை. உனக்கு அங்கே என்ன வேலை? அந்த ஒரு தாள் கோர்ட்டில் போனால் என்ன ஆகும் என்று எனக்குத்தான் தெரியும். பாறசாலை முழுக்க எனக்கு முகம் காட்ட முடியாது.

அம்மாவிடம் சொல்லத்தான் போகிறேன். இப்போது அவளுக்கு முட்டுவலி. காரக்கோணம் ஆஸ்பத்திரிக்கு இரண்டு முறை கூட்டிக்கொண்டு போய்வந்தேன். போதாததற்கு மரத்தில் பாதி இலைக்குமேல் போய்விட்டது. தினமும் சாயங்காலம் அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, "ஆரு செய்ததுன்னு நீ சொல்லு மகளே, உனக்குத் தெரியும்லா" என்று கேட்கிறாள். மரம் சொல்லாது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் பக்கத்தில் நின்று நானும் காது கொடுக்கிறேன். வீடு அப்படி ஆகிவிட்டது. காலையில் காப்பியில் சீனி சரியாக இருப்பதில்லை. உன் துணி காயப்போடும் கயிற்றை இன்னும் அவிழ்க்கவில்லை.

உன்னைச் சந்தேகப்படுகிறேன் என்று நினைக்காதே. கேட்டு வைக்கிறேன், அவ்வளவுதான். அந்த ஆள் யார் என்று எழுது.

ஜெ.


பாலராமபுரம்
8-1-2024

அன்புள்ள அத்தானுக்கு,

கண்ணாடி போட்ட அந்த ஆள் என் தம்பி நிஜின். உங்கள் சொந்த மைத்துனன். போன மாதம்தான் கண்ணாடி போட்டான். பிரதீஷ் அவன் கல்யாணத்துக்கு வந்து இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்தவன். கண்ணாடி அவனுக்கும் வேண்டும் என்று சொல்லுங்கள்.

பையில் இருந்தது கோர்ட் பக்கத்துக் கடையில் வாடகைக்கு எடுத்த முகமூடிகள். ஒன்று நரி, ஒன்று காக்கா, ஒன்று ஆலமரம். எங்கள் பள்ளிக்கூடத்து ஆண்டுவிழாவுக்கு என் வகுப்பு நாடகம். அஸ்வதி என்று ஒரு பெண் ஆலமரமாக நின்றாள். 'நான் சொல்வதைக் கேளுங்கள் பறவைகளே' என்று அவள் சொல்லவேண்டும். வாயே திறக்கவில்லை. முடிந்ததும் கேட்டேன். "மரம் மிண்டாது டீச்சர், எல்லாருக்கும் அறியுமே" என்றாள். ஏழு வயது. அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவேயில்லை, ஏன் என்று அவளுக்குப் புரிந்திருக்காது.

கடிதம் யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. அந்த நாளை ஐம்பது தடவையாவது மனதுக்குள் ஓட்டிப் பார்த்திருப்பேன், அதனால்தான் வரிசையாக வந்தது.

உங்கள் வியாதி எனக்கும் தொற்றிவிட்டது. போன தடவை உங்கள் உறையின் ஓரம் திறந்து மறுபடி ஒட்டியதுபோல இருந்தது. மாமி படித்துப்பார்த்தபிறகு அனுப்புகிறீர்களா? இல்லை, என் கடிதங்களை உங்கள் வக்கீலிடம் காட்டுகிறீர்களா? உறையை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். எட்டு வருடம் ஒரு பாயில் படுத்த மனிதனின் கடிதத்தை இப்படிப் பார்க்கவேண்டி வந்ததே என்று அழுகை வந்துவிட்டது.

துணிக்கயிற்றை எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரிக்காக உங்கள் கடிதத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.

நான் எந்தக் கோர்ட்டுக்கும் போகவில்லை. ஒரு வாக்கியம்தான் கேட்டேன். அதற்கு நீங்கள் எழுதிய பதில் முட்டுவலியும் இலையும். இன்னும் ஒரு வாரத்தில் பொங்கல். அதற்குள் சொல்லிவிட்டு 'வா' என்று மட்டும் ஒரு கார்டில் எழுதுங்கள். வேறெதுவும் எழுதவேண்டாம், ரிக்கார்டாகிவிடும் என்ற பயமும் வேண்டாம்.

அன்புடன்,
ஸ்மிதா


இஞ்சிவிளை
26-2-2024

அன்புள்ள ஸ்மிதாவுக்கு,

பொங்கலுக்கு எழுத முடியவில்லை. ஆபீஸில் வேலை அதிகம். இப்போது ஒரு சந்தோஷ சமாச்சாரம். மரம் காய்த்துவிட்டது! கொட்டின இலையெல்லாம் மறுபடி தளிர்த்து, அடிமரத்திலேயே பதினொரு பிஞ்சு. அம்மாவுக்கு முட்டுவலி போன இடம் தெரியவில்லை. ஊர்ப்பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுகிறாள். பொன்னம்மைக்கு மஞ்சள் பூசி, பழைய பட்டுச்சேலை ஒன்றைச் சுற்றிக் கட்டியிருக்கிறாள். துடைப்பத்தை எடுத்துப்போட்டாயிற்று.

செம்பாணி விஷயத்தை அம்மா மறந்துவிட்டாள். நீயும் மனதில் வைத்துக்கொள்ளாதே. இப்போது சொல்வது, "அவ போனப்பெறவாக்கும் எனக்க பொன்னம்மைக்கு மனசு தெளிஞ்சது" என்று. வயதானவள், ஏதோ சொல்கிறாள்.

நேற்று முதல் பிஞ்சை இறக்கினோம். முறைப்படி அது உனக்கு. நான் பாலராமபுரம் கொண்டுபோகிறேன் என்றுதான் சொன்னேன். அம்மா சம்மதிக்கவில்லை. "ஜாமீன் நின்னவ ஓடிப்போயாச்சே, பின்ன என்ன முதல் சக்கை?" என்று லேகாவிடம் கொடுத்துவிட்டாள். லேகாவுக்கு இது ஐந்தாம் மாதம். அவள் தேங்காய் துருவிப் போட்டுத் தோரன் வைத்துக் கொடுத்தனுப்பினாள், நன்றாகவே இருந்தது.

சொல்லவேண்டிய விஷயம் என் நாக்கு நுனிவரை வந்தது. அத்தனை பேர் கூடிச் சிரித்துக்கொண்டிருக்கும்போது எப்படிச் சொல்ல? இனி அவ்வளவு அவசரமும் இல்லை என்று தோன்றுகிறது. அம்மாவின் கோபம் ஆறிவிட்டது. உன்னை வரவேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சக்கைக்காலம் முடிந்து மிதுன மாதத்தில் வந்தால் போதும் என்கிறாள். "இப்பம் அவளக் கண்டா பிலாவு பிணங்கிரும் மக்கா." எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் ஒரு நாலு மாதம்தானே? மரம் பிணங்கினால் பழி மறுபடி உன்மேல்தான் வரும். உன் நல்லதுக்குத்தான் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் அந்த ஃபைலை நிஜின் கையில் கொடுத்தனுப்பு. அது வெளியே இருப்பதால் எனக்கு ராத்திரி தூக்கமில்லை.

அன்புடன்,
ஜெ.


பாலராமபுரம்
4-3-2024

அத்தானுக்கு,

மரம் காய்த்ததில் எனக்கு நிஜமாகவே சந்தோஷம். கொட்டை போட்டு முளைத்த பிலா காய்க்க ஏழெட்டு வருடம் ஆகும் என்று எங்கள் அப்பா முதல் வருடமே சொன்னார். யாரும் காதில் வாங்கவில்லை. அதற்குப் பருவம் வந்தது, காய்த்தது. அதில் நாணமும் இல்லை, மனம் தெளிந்ததும் இல்லை.

இலை கொட்டினால் நான் செய்தது. காய்த்தால் நான் இல்லாததால் காய்த்தது. இந்த வழக்கில் எந்தப் பக்கம் தீர்ப்பானாலும் குற்றவாளி நான்தான் என்று உங்கள் கடிதத்தைப் படித்தபோது புரிந்தது. மாமிமேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு உண்மை தெரியாது. அவர்கள் மரத்தை நம்பினார்கள். நீங்கள் எல்லாம் தெரிந்துகொண்டு தோரன் சாப்பிட்டீர்கள்.

மரம் பிணங்கிவிடும் என்று நான்கு மாதம் என்னைக் காத்திருக்கச் சொல்கிறீர்கள். நான் பிணங்குவேன் என்று நான்கு வருடத்தில் ஒரு நாள்கூட உங்களுக்குத் தோன்றவில்லை. மரத்துக்கு மனசுண்டு என்று உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது அத்தான்.

இத்துடன் அந்தப் பரிசோதனைத் தாள். அசல். நிஜினிடம் கொடுக்கவில்லை. இப்படி ஒரு தாள் இருப்பது அவனுக்கும் தெரியாது. பதிவுத் தபாலில் அனுப்புகிறேன், நீங்கள் மட்டும் கையெழுத்துப் போட்டு வாங்குங்கள். அங்கே முழுப்பெயரும் எழுதச் சொல்வார்கள். சேலைக்கு அடியில் இருந்ததால் பாச்சை உருண்டை வாசம் அடிக்கும். நகல் எடுக்கவில்லை. எடுத்திருப்பேனோ என்று நீங்கள் சந்தேகப்படுவீர்கள், அதற்கு என்னால் ஒன்றும் செய்ய முடியாது. பிரிவதற்கான மனுவில் இந்தத் தாள் வராது. மனு நெய்யாற்றின்கரையில் கொடுக்கமாட்டேன், உங்கள் ஆபீஸ் ஆட்கள் பார்ப்பார்கள். திருவனந்தபுரத்தில் கொடுக்கிறேன்.

துணிக்கயிற்றை அவிழ்த்துவிடுங்கள். மரத்தில் இருக்கிற ஆணியையும் பிடுங்கிவிடுங்கள், துருப்பிடித்தால் அதற்கு நல்லதில்லை. மாமி முட்டுக்கு எண்ணெய் போடுவது மேல்தட்டில் பச்சைக் குப்பியில் இருக்கிறது.

பொன்னம்மைக்கு நான் நின்ற ஜாமீன் நிறைவேறிவிட்டது. அது வாக்குத் தவறவில்லை. உங்களுக்கும் நான்கு வருடமாக ஜாமீன் நின்றேன், ஊருக்கும் தெரியாமல், என் அப்பாவுக்கும் தெரியாமல். இன்றோடு அதை விட்டுவிட்டேன். இனி யாராவது கேட்டால் பதில் நீங்கள்தான் சொல்லவேண்டும்.

ஸ்மிதா செல்லசாமி