பரிசலில் தூக்கிய கைகள்

ஒகேனக்கல் கரையில் லைஃப் ஜாக்கெட்டுகளைக் காயப்போட்டிருந்தார்கள். ஆற்றுத் தண்ணீரும் பழைய வியர்வையும் கலந்த அந்த வாடை வந்ததும் உன் ஞாபகம்தான். "இதப் போட்டுக்கிட்டு பொழைக்கறதுக்கு, போடாமயே போயிரலாம்டி" என்று மூக்கைப் பொத்திக்கொண்டே மாட்டிக்கொண்டவள் நீ.

இன்று என் மகள் அதை மாட்டிக்கொண்டு, ஆபீஸ் தோழிகளோடு பரிசலில் போனாள். நான் ஏறவில்லை. பாறைகளுக்கு நடுவே பரிசல் மறைந்ததிலிருந்து நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றேன். பக்கத்தில் மீன் வறுத்துக்கொண்டிருந்த பெண், "தெனமும் போற வழிதாங்க, பயப்படாதீங்க" என்றாள். சொன்னால் போய்விடுகிற பயமா அது?

கம்பெனியில் தகடு அழுத்தும் நம் பிரஸ் ஷாப் பெண்கள் எல்லோரும் ஓசூரிலிருந்து வேன் பிடித்து இங்கே வந்த ஞாயிறு உனக்கு மறந்திருக்காது. பரிசல்காரர் நடு ஆற்றில் நம்மைச் சுழற்றிக் காட்டினார். நாம் சிரித்துக்கொண்டிருந்தபோது இன்னொரு பரிசல் நீரோட்டத்தில் இழுபட்டு நம் பக்கமாக வந்தது. நான் விளிம்பைப் பிடித்திருந்தேன், விரல்கள் வெளிப்பக்கம். தும்மினால்கூட ஏசப்பாவைக் கூப்பிடுகிற நீ, அன்று அவரை விட்டுவிட்டு "கை" என்று கத்தினாய்.

பிரஸ் இறங்குவதற்கு முன் நாம் கத்துகிற அதே சொல். கேட்டதும் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்க வேண்டும். எல்லாக் கைகளும் தெரிந்த பிறகு, "பாத்தாச்சு" என்று சொன்னால்தான் கையை இறக்கலாம். என் கையை நீ பார்ப்பாய், உன் கையை நான் பார்ப்பேன். அந்தப் பழக்கம் ஆற்றில் மட்டும் விடுமா? அத்தனை பேரும் பிடியை விட்டுவிட்டுக் கையைத் தூக்கினோம். பரிசல் இடிபட்டுச் சாய்ந்து, மடியெல்லாம் தண்ணீர். பரிசல்காரர் வெலவெலத்துப் போனார்.

"யாரும்மா கைய எடுக்கச் சொன்னது? கவுந்திருந்தா என்னா ஆவறது?"

"நனஞ்சா காஞ்சிக்கும்ணா. வெரலு போனா வருமா?" என்றாய், துப்பட்டாவைப் பிழிந்துகொண்டே.

போன ஆடியில் காய்ச்சல் என்று லீவு போட்டாய். அந்தக் காய்ச்சலிலேயே போய்ச் சேர்ந்துவிட்டாய். உன்மேல் எனக்கு இன்னும் கோபம்தான். நீ ஏறும் இடத்தில் கம்பெனி பஸ் இப்போதும் வேகம் குறைகிறது, நானும் ஜன்னல் பக்கம் திரும்புகிறேன்.

"கை" என்கிற அந்தச் சொல்லை நான் வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டேன். கார்க் கதவைச் சாத்தும் முன், கிரைண்டர் போடும் முன். "இது வீடா, கம்பெனியாம்மா?" என்று மகள் சலித்துக்கொள்வாள். ஆனாலும் தூக்குவாள்.

வெகுநேரம் கழித்து அவர்கள் பரிசல் பாறை தாண்டி வந்தது. பின்னாலேயே இன்னொன்று வேகமாக வந்தது. மகளின் ஒரு கையில் போன், இன்னொரு கை விளிம்பில். நான் கத்தினேன், அருவிச் சத்தத்தில் எனக்கே கேட்கவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கினேன். தோழிகள், நான் டாட்டா காட்டுவதாக நினைத்துக் கையசைத்தார்கள். அவள் மட்டும் போனை மடியில் போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தூக்கினாள்.

பரிசல்கள் மோதி, ஆடி, விலகின. அவள் கையை இறக்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். விரல்கள் எல்லாம் இருந்தன.

"பாத்தாச்சு" என்று தலையாட்டினேன். அவள் இறக்கிக்கொண்டாள்.

என் கைகள் மேலேயே இருந்தன. அவற்றைப் பார்த்துச் சொல்லத்தான் நீ இல்லை.