மாமாவின் கடைசித் திருவிருந்து

ஆரணி,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகன் இளவரசனுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் நடமாடிக்கொண்டிருக்கிறேன், சர்க்கரையும் மூட்டுவலியும் என்னைவிடச் சுகமாக இருக்கின்றன. நீயும் இனியாவும் குழந்தையும் அந்த இங்கிலாந்துக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கத் தினமும் ஜெபிக்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் கத்திவிடுவேன், அதனால்தான் பேப்பரை எடுத்தேன்.

உன் மாமாவுக்கு நான் திருவிருந்து கொடுக்கும் வீடியோவை அங்கே உங்கள் ஆங்கிலிக்கன் சபையில் போட்டுக் காட்டியதாகவும், வெள்ளைக்காரப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டதாகவும் பெருமையாகச் சொல்லியிருந்தாய். உன்மேல் கோபமில்லை, உனக்கு விஷயம் தெரியாது. தெரிந்த நான் ஐந்து வாரமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறேன், அதுதான் அசிங்கம்.

ஜீவானந்தம் அண்ணனுக்கு இரண்டாவது தடவை பக்கவாதம் வந்தபோதே விழுங்கும் சக்தி போய்விட்டது. வாய்வழியாக ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் கொடுக்காதீர்கள், நுரையீரலுக்குப் போய்விடும் என்று டாக்டர் இரண்டு முறை சொல்லி, மூக்கில் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார். அந்த நேரம் பார்த்து சபையில் கமிட்டி தேர்தல். நாற்பது வருஷம் தேவிகாபுரம் பக்கமெல்லாம் சைக்கிள் மிதித்து வீடு வீடாக ஜெபம் சொன்ன உபதேசியார் சாகக் கிடக்கிறார் என்றால் ஓட்டுக்கு நல்லதுதானே, இரண்டு கோஷ்டியும் வந்துகொண்டே இருந்தது. முழுங்க முடியாத மனுஷனுக்கு இரண்டு கிலோ ஆப்பிள் வாங்கிவந்தவர் தேர்தலில் நின்ற தனசேகரன். கட்டில் தலைமாட்டில் நின்று, குழாய் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு ரேணுகாம்பாள் நம் சபையும் இல்லை, சாமியும் வேறு, ஆனால் அண்ணன் தூங்கட்டுமென்று தன் தறியை மூன்று நாள் நிறுத்தி வைத்தாள்.

சனிக்கிழமை காலையில் ஆயர் திருவிருந்துக்கு அப்பமும் திராட்சரசமும் கொண்டுவந்தார். உன் வயதுகூட இருக்காது, சாது. ஜெபம் முடித்து, வாயில வேணாங்கம்மா, வியாதியால சாப்பிட முடியாதவங்க மனசார விசுவாசிச்சாலே வாங்கிக்கினாப்பலதான், நம்ம ஜெப புத்தகத்துலயே இருக்குது என்றார். நான் கேட்டேனா? எங்க அண்ணன வெறும் வாயோட அனுப்பச் சொல்றீங்களா என்று வீடே அதிரக் கத்தினேன். அத்தனை பேர் நிற்கிறார்கள், தனசேகரன் போனைத் தூக்கிப் பிடித்திருக்கிறார், எனக்கு ஆவேசம். தட்டிலிருந்து அப்பத்தை நானே எடுத்து, ரசத்தில் தோய்த்து, அண்ணன் வாய்க்குக் கொண்டுபோனேன். அவர் உதட்டை இறுக்கிக்கொண்டார். நடுக்கம் என்று நினைத்தேன் என்றுதான் இதுவரை எனக்கே சொல்லிக்கொண்டேன். பொய். வேண்டாம் என்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. ஞானஸ்நானம் எடுத்த நாளிலிருந்து அவர் வேண்டாம் என்று சொல்லாத ஒன்று, அதை எப்படி மறுக்கலாம் என்று எனக்கு ரோஷம் வந்துவிட்டது. விரலால் பிரித்து உள்ளே வைத்தேன்.

நீ பார்த்த வீடியோ நாற்பது விநாடி. அதற்குப் பிறகுதான் இருமல். முகம் நீலமாகிவிட்டது. சாயங்காலம் ஜுரம், ஞாயிறும் திங்களும் மூச்சுக்குத் தவித்தார், செவ்வாய் விடியும்போது போய்விட்டார். ஜுரத்தில் போனார் என்று உன்னிடம் சொன்னேன், எதனால் ஜுரம் என்று சொல்லவில்லை. இருமலை வெட்டி எறிந்துவிட்டு, பின்னால் ஒரு பாட்டைச் சேர்த்து, விசுவாசத் தாய் என்று பெயர் வைத்து தனசேகரன் ஊரெல்லாம் அனுப்பினார். ஜெயித்தும்விட்டார். இப்போது ஆராதனை முடிந்தால் பெண்கள் வரிசையாக வந்து என் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள். களம்பூரிலிருந்து ஒருத்தி, தன் மாமியார் படுத்த படுக்கையாம், நீங்களே வந்து உங்க கையால குடுங்கம்மா என்று கேட்டாள். சீ! அந்தக் கையால் அரிசி களையவே எனக்குக் கூசுகிறது. ஆயர் என் முகத்தைப் பார்ப்பதில்லை, நானும் அவரைப் பார்ப்பதில்லை. கேட்க வேண்டியதைக் கேட்டவள் ரேணுகாம்பாள் ஒருத்திதான். ஏங்க்கா, டாக்டரும் வேணாம்னாரு, சர்ச்சு ஐயரும் வேணாம்னாரு, அவரே வாய மூடிக்கினாரு, அப்புறம் யாருக்காகக்கா குடுத்த என்றாள்.

உங்கள் சபையில் கொடுத்த படிவத்தை, கடைசிக் காலத்தில் என்னென்ன வேண்டும் வேண்டாம் என்று எழுதித் தரும் அந்தத் தாளை, பொங்கலுக்கு முன்னால் நீ அனுப்பியபோது பெற்ற தாயிடம் கேட்கிற கேள்வியா என்று திட்டினேன். அதை நிரப்பி இத்துடன் வைத்திருக்கிறேன். வீட்டிலேயே கிடத்துங்கள், மெஷின் வேண்டாம். நீ வந்து சேரும்வரை ஐஸ் பெட்டியில் போட்டு வைக்க வேண்டாம், வந்து பார்ப்பதானால் உயிரோடு இருக்கும்போது வா. பாட்டு எதுவானாலும் சரி, தனசேகரன் பாட வேண்டாம். அண்ணனின் ஜெப புத்தகத்தில் ஆயர் சொன்ன அந்த இடத்தைத் தேடிப் பார்த்தேன். பென்சிலால் அடிக்கோடு போட்டிருக்கிறார். எத்தனை வீட்டில் எத்தனை பேருக்கு அதைப் படித்துக் காட்டினாரோ, எனக்கு ஒரு நாளும் அவர் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

இது கிடைத்ததும் வரும் ஞாயிற்றுக்கிழமை உன் சபைக்குப் போய், அன்றைக்கு வீடியோ பார்த்தவர்களிடம் அதற்குப் பிறகு நடந்ததையும் சொல். உனக்கு வெட்கமாக இருக்கும், இருக்கட்டும். இங்கே சபையில் எழுந்து நின்று நான் சொல்லப்போகிறேன், ஆயரிடம் நேரம் கேட்டிருக்கிறேன். குழந்தைக்குக் காது மறைகிற மாதிரி குல்லா போடு. கர்த்தர் உன்னையும் இனியாவையும் என் பேரப்பிள்ளையையும் தம் சிறகுக்குள் வைத்துக் காப்பாராக. படிவத்தில் கடைசிக் கேள்விக்கு இடம் போதவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன், மறந்துவிடாதே. எனக்கு அந்த நேரம் வரும்போது ஜெபத்தைக் காதில் சொன்னால் போதும். என் வாய் மூடியிருந்தால் யாரும் திறக்கக்கூடாது, நீயும்தான்.

இப்படிக்கு,
உன் அம்மா
சுகிர்தம்