நீடில் கட்டருக்குச் சந்தனம்

புதன், ஆயுத பூஜை. காலையில் புழுக்கம். மதியம் மழை.

ஸ்டெல்லா அக்காவிடம் இன்று சொல்லாதது: காலையில் டெஸ்டுக்கு ரத்தம் கொடுத்தவர்களில் ஒருவருக்கு ஹெபடைடிஸ் பி. டெஸ்ட் கார்டில் இரண்டு கோடு, நானே பார்த்தேன்.

நடந்ததை எழுதிவிட வேண்டும். சிதம்பரத்திலிருந்து வழக்கமான ரயில். மஞ்சக்குப்பம் லேபுக்கு நான் போவதற்குள் பூஜை முடிந்திருந்தது. மைக்ராஸ்கோப், குத்திய ஊசியை வெட்டும் நீடில் கட்டர், எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. இனி நாளைதான் தொடலாம். ஆனால் வெறும் வயிற்றோடு வரச் சொன்னவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சிரிஞ்ச் புதுசு, அதற்குத் தடையில்லையாம். சொன்னது கவிதா, கூட இருக்கும் டெக்னீஷியன். கட்டர் வேண்டுமே என்றேன்.

"சாமிக்கு வெச்சத எடுத்து ரத்தத்துல வெக்கச் சொல்றியா?"

குத்திய ஊசிகளுக்கு மூடி மாட்டி, தண்ணீர் பாட்டிலில். பாட்டில் நிறைந்ததும் கறுப்புக் கவரில். நானும்தான் போட்டேன்.

பெருக்க வந்த ஸ்டெல்லா அக்கா கவரை அமுக்கிக் கட்டினார். கட்டைவிரலில் ஊசி. ஒரு பொட்டு ரத்தம். எறும்பு கடித்த மாதிரிதான் என்று சிரித்தார். சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன். பிறகுதான் அந்தக் கார்டு.

லேப் சாரிடம் காட்டினேன். "எந்த ஊசின்னு யாருக்குத் தெரியும்? பண்டிகையும் அதுவுமா அவுங்கள பயமுறுத்தாத." தலையாட்டினேன்.

எங்களுக்கு வேலையில் சேரும்போதே தடுப்பூசி. அக்காவுக்கு இல்லை. நோயாளியைத் தொடாத வேலையாம்.

கிளம்பும்போது தன் பொரிப் பொட்டலத்தையும் என் பையில் திணித்தார். "ரயில்ல கொறிச்சிக்கினு போ."

வியாழன், விஜயதசமி. லீவு. மழை விடவில்லை.

துணி எதுவும் காயவில்லை. பாதியில் நிற்கும் நாவலை எடுத்தேன். ஒரே பக்கம், நாலு தடவை. கண்ணை மூடினால் கட்டைவிரல்.

இதைப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியவள் நான்: குத்திய அன்றே தடுப்பூசி. அக்கா நம்பரை எடுத்தேன். அடிக்கவில்லை. சாருக்குப் பயமா, அக்காவின் குரலுக்கா? தெரியவில்லை.

ஜாக்கெட்டுக்கு ஹூக் தைக்க அம்மா ஊசி கேட்டாள். டப்பாவோடு கொடுத்தேன். என்னால் திறக்க முடியவில்லை.

வெள்ளி. தூறல்.

லேப் வாசலிலேயே சொல்லிவிட்டேன். அக்கா விரலில் மஞ்சள் பற்று.

"முந்தாநேத்தே தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்க்கா."

துடைப்பத்தைச் சுவரில் சாய்த்தார். "எம் பொண்ணு முழுகாம இருக்கா. நேத்து அவ தலைய வாரிவுட்டேன். தொட்டா ஒட்டுமா?"

ஒட்டாது, ரத்தம்தான் என்றேன். நம்பினாரா தெரியாது.

ஜி.எச். போனோம். இன்றைக்கு எடுத்த டெஸ்ட் நெகட்டிவ். தடுப்பூசி முதல் டோஸ் ஆயிற்று. கூடவே போட வேண்டிய இன்னொரு ஊசி கையிருப்பில் இல்லை. வெளியே கேட்கச் சொன்னார்கள். முதுநகர் வரை அலைந்தோம். கிடைக்கவில்லை. அன்றைக்கே வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனாலும்.

பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். விரலை முந்தானையில் சுற்றிக்கொண்டு.

சனி. வெயில்.

லேபில் நீடில் கட்டர் ஓடுகிறது. சந்தனம் உதிர்ந்து மேஜையெல்லாம். மதியம் கவிதா குத்திய ஊசிக்கு மூடி மாட்டப் போனாள், கையைத் தட்டிவிட்டேன். "பைத்தியமா ஒனக்கு?" இருக்கலாம்.

அக்காவுக்குப் பெரிய க்ளவுஸ் கேட்டேன். சார் தலையாட்டினார். அக்கா எனக்கு டீ கொண்டுவந்து வைத்தார்.

தை, ஒரு திங்கள். பனி.

மறுபடி டெஸ்ட். அக்கா கையை நீட்டினார், நான் எடுத்தேன். இரண்டாவது டோஸும் போட்டிருந்தார். ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ்.