மாமாவுக்குக் கிடைத்த வேலை

பிப்ரவரி 9

அன்புள்ள பாப்பாவுக்கு,

நேற்று சலூனில் என் மானம் கப்பலேறிவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்தவன், "டேய், உலையில தீ இறங்குதுடா, கூட்டு!" என்று கத்தியிருக்கிறேன். சலூன்காரர் கத்தியோடு பின்னால் குதித்துவிட்டார். "அண்ணே, முழுசா முழிச்சுக்கங்க, மீதியை அப்புறம் எடுக்கலாம்" என்றார். பாதி முகத்தில் நுரையோடு காத்திருந்தேன்.

நானும் உன் மாமாவும் உலை பார்த்த கண்ணாடித் தொழிற்சாலையை மூடி வருடம் ஆகப்போகிறது. என் தூக்கத்துக்கு மட்டும் அந்தத் தகவல் போய்ச் சேரவில்லை. உன் அம்மா சொல்கிறாள்: "அப்பல்லாம் உலைகிட்ட நின்னு தூங்குனாரு, இப்ப தூங்கிட்டு உலைகிட்ட நிக்கிறாரு."

போனில் நீ பேசுவது இந்தச் செவிட்டுக் காதில் ஏறுவதில்லை. கடிதம் போடு. மாமாவும் உன்னை விசாரித்தான்.

ஆசையுடன்,
அப்பா


பிப்ரவரி 20

அன்புள்ள அப்பா,

நுரையோடு உங்களை நினைத்து ஆபீஸிலேயே சிரித்துவிட்டேன். அம்மாவிடம் சொல்லாதீர்கள்.

ஒன்று கேட்க வேண்டும். உங்கள் தொழிற்சாலையை மூடவைத்த அந்த வர்த்தக ஒப்பந்தம் வரும் முன்பு, அதனால் நாட்டுக்கு லாபமா நஷ்டமா என்று மதிப்பிட்டவர்களில் நானும் ஒருத்தி. வெளிநாட்டுக் கண்ணாடிப் பாட்டில்கள் சுங்கம் இல்லாமல் வரும், இங்கே சில உலைகள் மூடும், வேலை போனவர்கள் எல்லோரும் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள் என்று வைத்துக்கொண்டோம். அப்படி வைக்காவிட்டால் எங்கள் கணக்கு ஓடாது.

இப்போது இன்னொரு நாட்டோடு ஒப்பந்தம். அதே கணக்கு மறுபடி என் மேசையில். அந்த இடத்துக்கு வந்ததும் கை நின்றுவிடுகிறது.

மாமாவுக்கு வேலை கிடைத்ததா? மறைக்காமல் எழுதுங்கள். உங்கள் பதிலைப் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போடுவேன்.

உங்கள்,
பாப்பா


மார்ச் 3

அன்புள்ள பாப்பாவுக்கு,

கிடைத்தது. உன் கணக்கில் தப்பில்லை. மூடிய அதே தொழிற்சாலைக்கு உன் மாமாதான் வாட்ச்மேன். விசில், டார்ச் எல்லாம் கொடுத்திருக்கிறார்கள். அங்கே திருட என்ன இருக்கிறது என்று என்னைக் கேட்காதே. உலை ஆறினால் உள்ளே இருக்கும் கண்ணாடி பாறையாகிவிடும். அதைத் தூக்குகிற திருடன் வந்தால் நானே கைகொடுப்பேன்.

கூப்பிட்டானே என்று நேற்று விடியற்காலையில் போனேன். நல்ல குளிர், நான் ஸ்வெட்டருக்குமேல் துண்டும் போர்த்தியிருந்தேன். அவனோ சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னடா இது கோலம்?"

"பக்கத்துல நிக்க முடியல மச்சான். நீங்களே கை வச்சுப் பாருங்க."

உலைச் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். உடனே எடுத்துவிட்டேன்.

"ஐஸ் மாதிரி இருக்குடா. போய் டாக்டரைப் பாரு" என்று சிரித்தேன்.

அவன் சிரிக்கவில்லை. "அப்ப எனக்கு மட்டும்தானா மச்சான்?" என்று கேட்டான்.

"நேரமாயிடுச்சுடா, உங்க அக்கா தேடுவா" என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். கேட் வரை வந்து வழியனுப்பினான்.

கையெழுத்தைப் போடுவதும் போடாததும் உன் இஷ்டம் பாப்பா, படித்தவள் நீ. கேட்டதால் எழுதினேன்.

எனக்கும் சுட்டது. அதை மட்டும் அவனிடம் சொல்லவில்லை.

அப்பா