மூன்று பிரதி அல்ல, மூன்று பாகம்

மார்ச் 3

எங்கள் கிளை நூலகத்தின் பேரகராதியைக் கூறு போட்டுவிட்டார்கள். தலைமை அலுவலகப் பட்டியலில் ஒரே தலைப்பு மூன்று முறை இருந்ததாம். மூன்று பாகம் என்று பார்க்காமல் மூன்று பிரதி என்று நினைத்து, கிளைக்கு ஒன்றாகப் பங்கிட்டாயிற்று. இதற்குப் பெயர் வளப் பகிர்வு!

எங்களுக்கு மிஞ்சியது அ முதல் ஔ வரை. உயிர் இங்கே, உடம்பு ஊர் ஊராக.

மூன்றாம் வகுப்போடு நின்று, தரைக்கு ஓடு பதித்துப் பிழைத்தவன் நான். பதினோரு வருடமாகத் தினம் அரைப் பக்கம் படித்து ந-வை முடித்தேன். ப-வில் கை வைக்கும் நேரம் பார்த்தா? கண் மருத்துவர் இன்னும் ஒரு வருடம் படிக்கலாம் என்கிறார். அப்புறம்? நான் கேட்கவில்லை.

மார்ச் 4

மருமகள்: "எல்லா வார்த்தையும் ஃபோன்லயே இருக்கே மாமா."

"ஃபோனுக்குக் கடைசிப் பக்கம் உண்டாம்மா?"

"சார்ஜ் தீந்தா அதான் மாமா கடைசி."

வாய் நீளம்.

மார்ச் 6

மனு கொடுத்தேன். இருக்கிற பாகத்துச் சொற்களை வைத்தே எழுதினேன்: "ஐயா, இது ஒரே அகராதி. அதை உடைத்து ஊர் ஊராக அனுப்பியது அநியாயம். உடனே இணைக்க உத்தரவிடுக. இல்லையேல் உண்ணாமல் அமர்வேன்."

"கையெழுத்து போடலியே?" என்றார் நூலகர் அம்மா.

என் பெயர் ம-வில் தொடங்குகிறது. கைநாட்டு வைத்தேன்.

மார்ச் 17

பதில் வந்தது: "தங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது."

மறு தபாலிலேயே எழுதினேன்: எங்கள் நூலகத்தில் தேடியதில் 'உள்ளது' மட்டும் உள்ளது. மற்றவற்றுக்குப் பொருள் இல்லை.

மார்ச் 20

இரண்டு பேருந்து மாறி, ப-வில் தொடங்கும் மூன்றாம் பாகம் இருக்கும் கிளைக்குப் போனேன். பெரிய துணிப்பையோடு. எதற்கு என்று இங்கே எழுத வேண்டாம்.

புத்தகத்தை ஒரு தையற்கார அம்மாள் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பகலவன்னு தேடினா 'ஆதித்தன் காண்க'ன்னு போட்டிருக்கு. எங்க போய்க் காண்றது? ஆறு நாளா இதுலயே நிக்கிறேன்."

"அது முதல் பாகம், ரெண்டு பஸ் தள்ளி எங்க ஊர்ல இருக்கு. சூரியன்மா."

"அட, இவ்வளவுதானா! இதுக்கு ரெண்டு பஸ் மாறணுமா?"

பையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

மார்ச் 27

தலைமை அலுவலக அதிகாரி நேரில் வந்துவிட்டார். "பெரியவரே, லிஸ்ட்ல மூணு பிரதின்னுதானே இருக்கு?"

முதல் பாகத்தை அவர் முன் வைத்தேன். "இதுல 'தப்பு'ங்கற வார்த்தையக் காட்டுங்க சார்."

பாவம், புரட்டினார். "இல்லையே."

"ரெண்டாவதுல இருக்கு. 'மன்னிப்பு' மூணாவதுல. உங்களுக்கும் ரெண்டு பஸ்."

நூலகர் அம்மா பதிவேட்டுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். முதலில் சிரித்தது அதிகாரிதான்.

மார்ச் 31

முடிவாயிற்று. அதிகாரி பட்டியலில் 'பிரதி'யை அடித்து 'பாகம்' என்று எழுத வேண்டும், தன் கையால். மூன்றும் சேர்ந்தேதான் பயணம் போக வேண்டும், கிளைக்கு நான்கு மாதம். முதல் முறை தையற்கார அம்மாளின் கிளைக்கு. இதை நான்தான் சொன்னேன். விட்டுக்கொடுத்ததாக யாரும் நினைக்கக் கூடாது. நூலகர் அம்மா என் மனுவைத் திருப்பித் தர வேண்டும், கையெழுத்து பாக்கி. மருமகள் ஏழு மணிக்கே டிபன் கட்ட வேண்டும். தையற்கார அம்மாள் ஜன்னலோர நாற்காலியில் எனக்கு இடம் போட வேண்டும், வெளிச்சம் அங்கேதான்.

நான்: ஏழரை மணிப் பேருந்து. ப.