சிவப்பா வெள்ளையா

11 மே 1936, திங்கள்

கத்திரி வெயில். காற்று ஒரு இலையைக்கூட அசைக்கவில்லை. கோர்ட்டுக்கு லீவு, கட்சிக்காரர் ஒருவரும் தலை காட்டவில்லை.

ராஜம் காலையில் மாம்பலம் போய்விட்டாள், அப்பா வீட்டுக்கு. சண்டை என்று சொல்ல முடியாது. நேற்று அடையாறு பாலத்து ஏற்றத்தில் மோட்டார் வண்டி டக் டக் என்று தட்டித் தட்டி நடுவழியில் நின்றது. மீன் கூடைக்காரிகள் கூடையை இறக்கி வைத்துவிட்டு வேடிக்கை. ஒருத்தி, "ஐயரே, வண்டிக்கு இருமல் கீது, கசாயம் குடு" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். ராஜமும் சிரித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை. பிறகு அவள், "அப்பாகிட்ட ஒரு வார்த்தை சொன்னா டிரைவரை அனுப்பிப் பாக்கச் சொல்லுவார்" என்றாள். "உங்கப்பா பேரை இந்த வண்டியில எடுக்காதே" என்றேன்.

இன்று காலை ஜட்கா வண்டி வரச் சொன்னாள். எங்கே என்று நான் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "அக்கா பிரசவத்துக்கு அம்மா பம்பாய் போறா, சனிக்கிழமை மெயில்ல. நானும் போலாம்னு இருக்கேன். வர ஆறு மாசம் ஆகும்." கொஞ்ச நேரம் நின்றாள். நான் பேப்பர் பார்த்துக்கொண்டு, "சரி" என்றேன்.

சரியாம் சரி. மடையன்.

செய்ய வேண்டியவை: வண்ணான் தொலைத்த காலர். மூக்குக்கண்ணாடிக் காது. வண்டித் தட்டல்.

12 செவ்வாய்

லஸ் ஹோட்டலில் இட்லி. சாம்பார் வெறும் தண்ணீர். வீட்டில் காப்பிப்பொடி டப்பா எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை. அவளைத்தான் கேட்க வேண்டும். கேட்கப் போவதில்லை.

பெட்ரோல் பம்பில் கோவிந்தனிடம் வண்டியைக் காட்டினேன். காதை வைத்துக் கேட்டான், வைத்தியன் மாதிரி.

"எஞ்சின் தட்டுது சாமி. வெள்ள பெட்ரோலே ஊத்திகினு இருந்தா தட்டாம இன்னா செய்யும்? புச்சா செவப்பு வந்துகீது பாரு. அத்த ஊத்து, சத்தமே வராது."

பம்பு உச்சிக் கண்ணாடிக் குடத்தில் ஏற்றிக் காட்டினான். நன்னாரி சர்பத் நிறம். ஏதோ மருந்து கலந்து சாயம் போட்டிருக்கிறார்களாம். விலை கூட. ஆனாலும் ஊற்றிக்கொண்டிருப்பேன், அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருந்தால். "ஒன் மாமனார் வண்டிக்குக் கூட செவப்புதான் போவுது."

வெள்ளையே போடு என்றேன்.

வழியில் அந்தோணி வாத்தியார். சாந்தோம் பள்ளிக்கூடத்தில் சயன்ஸ் சொல்லிக்கொடுக்கிறார், மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறார், ஆகவே நடுரோட்டில் பிரசங்கம். "எஞ்சின் தலையில கரி அடைச்சிருக்கும் சார். தலையைக் கழட்டிச் சுரண்டணும். சிவப்பு ஊத்தினா நோவு தெரியாது, அவ்வளவுதான். நோய் அப்படியே இருக்கும்." எப்போது சுரண்டலாம் என்றேன். ஒரு வாரம் வண்டியை மெக்கானிக்கிடம் விட்டுவிட வேண்டுமாம். ஒரு வாரம் முடியாது. ஏன் முடியாது என்று அவர் கேட்டார். நான் வெயிலைப் பற்றிப் பேசினேன்.

சாயங்காலம் வெற்றிலை வாங்க மாம்பலம் வரை. மயிலாப்பூரில் வெற்றிலை கிடைக்காதா என்று கேட்க ஆளில்லை, நல்ல வேளை. மாமனார் தெருவில் திரும்பும்போது வண்டி ஒரு மூச்சு தட்டித் தீர்த்தது. நிமிர்ந்து பார்க்கவில்லை. நேரே ஓட்டிவிட்டேன். வெற்றிலை வாங்க மறந்து போயிற்று.

13 புதன்

தூக்கம் சரியில்லை. கொசு. ராஜம் கொசுவலையை எப்படிச் சொருகுவாள் என்று கவனித்ததே இல்லை. எந்தப் பக்கம் சொருகினாலும் இன்னொரு பக்கம் திறந்துகொள்கிறது.

பால் திரிந்தது.

ஒரு மத்தியானம் பூராவும் யோசனை, சிவப்பா வெள்ளையா என்று. பெரிய அப்பீல் கேஸ்கூட இதனிடம் தோற்கும். சிவப்புக்கு: தட்டாது, ஏற்றத்தில் நிற்காது, மீன்காரி கஷாயம் சொல்ல மாட்டாள். வெள்ளைக்கு: மாமனார் ஊற்றவில்லை. இதற்கு மேல் வெள்ளைக்கு வாதம் கிடைக்கவில்லை. எதிர்க்கட்சி வக்கீலாக இருந்தால் என்னைப் பார்த்து நானே சிரிப்பேன்.

சாயங்காலம் மறுபடி மாம்பலம். இன்று வெற்றிலை என்ற சாக்கும் இல்லை. வண்டிச் சத்தம் தெருவையே கூட்டியது. எதிர்வீட்டு வாசலில் கோலி விளையாடின பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். மாடியில் யாரோ நிற்பது போல இருந்தது. ஆயாவாக இருக்கும். நிமிர்ந்து பார்க்க எனக்கு என்ன தலையெழுத்து.

இறங்கி உள்ளே போய், "போகாதே" என்று சொன்னால் ஆயிற்று. இரண்டு சொல் கூட வேண்டாம், ஒன்று போதும். ஜட்ஜ் முன்னால் இரண்டு மணி நேரம் நின்று பேசுகிறேன். இதற்கு நாக்கு எழவில்லை. அவள் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டால்? மாமனார் கூடத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

போய் வருவதாவது யாருக்கும் தெரியாமல் இருக்க வேண்டும். சத்தம்தான் மானத்தை வாங்குகிறது.

14 வியாழன்

சிவப்பு ஊற்றியாகிவிட்டது. டாங்கு முட்ட. கோவிந்தன், "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே சாமி" என்று பல்லைக் காட்டினான். நாலு பேர் நிற்கும்போது சொல்ல வேண்டுமா.

ஆனால் வண்டி! பொய் சொல்லக்கூடாது. வெண்ணெய். ஒரு தட்டல் இல்லை. பாலம் வரை போய் வேண்டுமென்றே ஏற்றத்தில் அழுத்திப் பார்த்தேன். பேச்சுமூச்சில்லாமல் ஏறியது. அங்கே இன்று மீன்காரிகள் யாரும் இல்லை, பார்க்க.

சாயங்காலம் மாம்பலம். தெருவில் இரண்டு தரம் போய் வந்தேன். கோலிப் பிள்ளைகள்கூடத் திரும்பவில்லை. திருடன் மாதிரி வந்து திருடன் மாதிரி போனேன். வெற்றி என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிடவில்லை.

நாளை ஒரு நாள். நாளன்றைக்கு மெயில்.

15 வெள்ளி

காலையில் மாமனார் வந்தார், அவர் வண்டியில். ரா.வின் டிரங்குப் பெட்டிச் சாவி இங்கே மாட்டியிருக்கிறதாம். எடுத்துக் கொடுத்தேன். காப்பி என்று வாய் உபசாரமாகச் சொன்னேன், டப்பா கிடைக்காதது தெரிந்தும். வேண்டாம் என்றார். உட்கார்ந்தார். தொண்டையைக் கனைத்தார்.

"மாப்பிள்ளை, வண்டியை வித்துட்டேளா?"

"இல்லையே. ஏன்?"

"இல்லை, நேத்திக்கு சத்தம் கேக்கலை. ராஜம் மத்தியானத்துலேர்ந்து மாடியிலேயே நின்னுண்டிருந்தா. செவ்வாக்கிழமையும் புதன்கிழமையும் உங்க வண்டி டக்கு டக்குன்னு போனப்புறம்தான் கீழே எறங்கி வந்து காப்பி குடிச்சா. நேத்து விளக்கு வெச்சும் எறங்கலை. காப்பியும் குடிக்கலை."

நான் சாவி மாட்டுகிற ஆணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காது இரண்டும் எரிந்தன. ஊருக்கே தெரிந்திருக்கிறது. எனக்குத்தான் தெரியவில்லை.

"வண்டிக்கு என்ன பண்ணினேள்?" என்றார்.

"சிவப்பு ஊத்தினேன்."

"நம்ம வண்டிக்கும் அதுதான். நல்ல சரக்கு" என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். வேறு ஒரு வார்த்தை சொல்லவில்லை. நல்ல மனுஷர் என்று முதல் தரம் தோன்றியது. எழுதி வைக்கிறேன், யார் பார்க்கப் போகிறார்கள்.

அன்றே, சாயங்காலம்

பம்புக்கு ஓடினேன். வெள்ளை போடு என்றேன்.

"இன்னா சாமி வெளையாடறியா? நேத்துதான் ரொப்பினே. டாங்கில எடம் எங்க கீது?"

"சிவப்பை எடுத்துவிட முடியுமா?"

"எதுக்கு? வண்டி நல்லா ஓடலியா?"

"நல்லா ஓடுது. அதான் கஷ்டம்."

கோவிந்தன் பக்கத்திலிருந்தவனைப் பார்த்தான். வெயில் தலைக்கு ஏறிவிட்டது என்று நினைத்திருப்பார்கள்.

சிவப்பை எரித்துத் தீர்த்துவிடுவது என்று கிளம்பினேன். சைதாப்பேட்டை, கிண்டி, ஈக்காட்டுத்தாங்கல் வரை. புழுதி. மாட்டுவண்டிக்காரன் ஒருவன் திட்டினான். பெட்ரோல் முள் இம்மியளவு இறங்கியது. இந்த டாங்கு தீர நாளை மெயில் போய் நாளன்றைக்கும் ஆகும். வண்டியோ, பிறந்தது முதல் இப்படி ஓடினதில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை அடித்தேன். தட்டு சனியனே, ஒரு தரம் தட்டு. கேட்கவில்லை.

மாம்பலம் தெருமுனையில் நிறுத்தினேன். ஹாரன் இருக்கிறது. அமுக்கலாம். ஜட்காக்காரன் மாதிரி வாசலில் நின்று கூப்பிடுவதா என்று கை எழவில்லை. இன்று முதல் தரம் நிமிர்ந்து மாடியைப் பார்த்தேன். ரா. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மாம்பழக் கலர் புடவை. ஆனால் தெருவின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் வழக்கமாக வரும் பக்கம். சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் இந்தக் கோடியில் இருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கமில்லாமல் எழுதுகிறேன்.

வண்டியை அங்கேயே விட்டுவிட்டு நடந்தேன். கேட் திறந்திருந்தது. கூடத்தில் மாமனார் பேப்பரை முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்துக்கொண்டார், கடைசி வரை இறக்கவில்லை. படுக்கை சுருட்டி, கயிறு கட்டி, பெட்டி மேல் வைத்திருந்தது.

மாடிப்படியிலிருந்து, "யாரு?" என்றாள்.

"நான்தான்."

இறங்கி வந்தாள். நாலு படி மீதி இருக்க நின்றுவிட்டாள்.

"வண்டி எங்கே?"

"தெருமுனையில."

"சத்தமே இல்லையே."

"சிவப்பு ஊத்தினேன். தப்பு பண்ணிட்டேன்."

"சத்தம் கேக்கலைன்ன உடனே, இனிமே இந்தப் பக்கம் வரமாட்டேள்னு நெனச்சுட்டேன்" என்றாள்.

போகாதே என்று சொல்லத்தான் போனேன். அந்த ஒரு சொல் வரவில்லை. குனிந்து படுக்கைக் கயிற்றை அவிழ்க்க ஆரம்பித்தேன். கூலியாள் கட்டின முடிச்சு, இரும்பு மாதிரி. நகம் பெயர்ந்தது. ரா. மீதி நாலு படியும் இறங்கி வந்து எதிரே உட்கார்ந்தாள், அந்தப் பக்கத்து முடிச்சில் கை வைத்தாள்.