விரிசல் இல்லாத மூட்டு

அன்புள்ள அண்ணா,

நீ வெளியே போயிருப்பதாக அண்ணி ஃபோனில் சொன்னார். பின்னால் உன் இருமல் கேட்டது. அதனால்தான் எழுதுகிறேன்.

நடுக்கடலில் நீ கிரேன் ஓட்டிய எண்ணெய் எடுக்கும் மேடையைக் கரைக்கு இழுத்துவந்து நேற்று வெட்டினார்கள். விரிசல் விடும் என்று நான் சொன்ன இரும்புக் கால் மூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. வேறு யாரும் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

எல்லா அலையும் ஒரே அளவாக இருந்தால் இரும்பின் ஆயுளைச் சுலபமாகச் சொல்லலாம். வடகடல் அப்படியா? சின்னதும் பெரியதுமாகக் கண்டபடி அடிக்கிறது. ஒவ்வோர் அலையும் கொஞ்சம் சேதத்தை விட்டுப்போகிறது. அதையெல்லாம் கூட்டிப் பார்த்துத்தான் 'இனி இதில் ஆள் இருக்கக் கூடாது' என்று என் ஆய்வறிக்கையில் எழுதினேன். மேடையை மூடினார்கள், உன் வேலையும் போயிற்று.

"அத்தன பேரு சோத்துல மண்ணப் போட்டுட்டியேடி! கடல்ல ஒரு ராத்திரியாவது இருந்திருக்கியா?" என்று ஸ்டவாங்கர் துறைமுகத்தில் எல்லோர் முன்னாலும் கேட்டாய்.

இன்றைக்கு அறிக்கை கேட்டாலும் அப்படியேதான் எழுதுவேன். அது இல்லை விஷயம்.

நேற்று வெட்டும்போது பக்கத்தில் நின்று, உள்ளே விரிசல் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், அண்ணா. இத்தனை வருடம் நீ நின்ற இடத்துக்கு அடியில். நான் சொன்னது சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக.

அதற்கு மட்டும் என்னை மன்னித்துவிடு.

உன் தங்கை